வீடு காலி... சாவி காணோம்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாதக் கடைசி என்றால் இரண்டு காட்சிகள் உறுதி. மாலையும் சால்வையுமாக வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீடு திரும்புகிறவர் ஒருவர். ஏதோ ஒரு வட்டத்தில், ஏதோ ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில், பின்பக்கம் திறந்து நிற்கும் குட்டி யானை வண்டி ஒன்று. பீரோ ஏறியாயிற்று. கட்டிலைக் கழற்றி ஏற்றியாயிற்று. துளசித் தொட்டிகூட டிரைவரின் பக்கத்து சீட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் வரும் அந்தக் கேள்வி.

"ஏங்க, சாவிய உங்ககிட்டதானே குடுத்தேன்?"

"எங்கிட்ட எப்ப குடுத்த? சாமி படம் வச்ச பெட்டியில போட்டேன்னு நீதான சொன்ன!"

சாமி படம் வைத்த பெட்டி மெத்தைக்குக் கீழே, மெத்தை பீரோவுக்குப் பின்னால், பீரோ கயிற்றுக் கட்டுக்குள். மூட்டையை அவிழ்ப்பதா, பூட்டை உடைப்பதா?

வீடு மாறும் எந்த ஊரிலும் நடப்பதுதான் இது. ஆனால் நெய்வேலியில் இதற்குக் கனம் கூடுதல். மற்ற ஊர்களில் வீடு மாறுகிறவர்களில் பலர் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கோ, சொந்த வீட்டிலிருந்து இன்னொரு சொந்த வீட்டுக்கோ போகிறவர்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தாலும் வீடு நிலக்கரிக் கம்பெனியுடையது. பிள்ளை பிறந்து, படித்து, கல்யாணமாகி, பேரன் ஓடியாடிய வீடாக இருந்தாலும், ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நாளில் சாவி காணோம் என்றால் தொலைந்தது இரும்புத் துண்டு மட்டும்தானா?

எல்லோரும் குடிவந்த ஊர்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் முதல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த அந்த நிலையம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. கம்பெனியின் பெயரும் 2016இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று மாறியது.

சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு வேண்டும். முந்திரிக் காடும் செம்மண்ணுமாக இருந்த இடத்தில் அகலச் சாலைகள், வரிசை மரங்கள், எண் போட்ட வட்டங்கள் என்று ஒரு நகரம் எழுந்தது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், கேரளம், ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள் இதில் குடியேறினார்கள். டவுன்ஷிப்புக்குள் சொந்த வீட்டுக்காரர் என்று பேச்சே கிடையாது. தொழிலாளிக்கு ஒரு டைப், அதிகாரிக்கு இன்னொரு டைப். பதவி உயர்ந்தால் டைப்பும் உயரும். ஆகவே இங்கே ஒரே குடும்பம் வேலைக்காலத்தில் இரண்டு மூன்று முறை வீடு மாறுவது சாதாரணம்.

இப்போது மாற்றல்களின் தூரமும் கூடிவிட்டது. ராஜஸ்தானின் பர்சிங்சர், ஒடிசாவின் தலாபிரா, உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூர், நம்மூர்த் தூத்துக்குடி என்று கம்பெனியின் திட்டங்கள் விரிந்திருக்கின்றன. பக்கத்து வட்டத்துக்கு மாறும்போது சாவி தொலைந்தால் சைக்கிளில் போய்த் தேடலாம். சாமான் ஏற்றிய லாரி பர்சிங்சர் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது?

ஓய்வு பெறுகிறவர்களின் கதை வேறு. வடலூர், இந்திரா நகர், மந்தாரக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் என்று பக்கத்திலேயே மனை வாங்கிக் கட்டியிருப்பார்கள். புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது, ஆடி பிறக்கும் முன்பே குடிபோக வேண்டும் என்ற அவசரம். நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் முதல் நடையில் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வீட்டின் சாவி மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

சாவியைக் கொடுத்த நாளே காலி செய்த நாள்

லாரி கிளம்பிய நாளைத்தான் வீடு காலி செய்த நாள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, குத்தகை முடிந்ததும் குடியிருந்தவர் அந்த இடத்தை உரிமையாளரின் கைவசத்தில் ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் அந்த ஒப்படைப்பு சாவியைக் கொடுப்பதன் மூலம்தான் நடக்கிறது. உள்ளே ஒரு துடைப்பம்கூட இல்லாவிட்டாலும், வாசலில் உங்கள் பூட்டு தொங்கினால் வீடு உங்கள் வசம் இருப்பதாகவே பொருள்.

மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் சேவை மையத்தில் சாவியைக் கொடுத்து, மின்விசிறி முதல் தண்ணீர்க் குழாய் வரை சரிபார்க்கவிட்டு, காலி செய்ததற்கான சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டின் தேதிதான் கணக்கு.

பொதுத்துறை நிறுவனக் குடியிருப்புகளுக்கு 1971ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டம் பொருந்தும். அனுமதிக் காலம் முடிந்தும் வீட்டை விடாதவரை வெளியேற்றவும், அந்தக் காலத்துக்கு இழப்பீடு வசூலிக்கவும் எஸ்டேட் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. 2019இல் வந்த திருத்தம் இந்த நடைமுறையை மேலும் சுருக்கியது. ஓய்வு பெறுகிறவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கிராஜுவிட்டியை. ஓ.என்.ஜி.சி. அதிகாரி ஒருவர் ஓய்வுக்குப் பிறகும் குடியிருப்பை விடாமல் இருந்த வழக்கில், அவருடைய கிராஜுவிட்டியிலிருந்து அபராத வாடகையைப் பிடித்தது சரிதான் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில் செயில் நிறுவனம் தொடர்பான வழக்கிலும் அதே திசையில்தான் உத்தரவு வந்தது. இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்கள் சாவியைத் தொலைத்தவர்கள் அல்லர், வீட்டை விடாதவர்கள். ஆனாலும் சாவியைத் தொலைத்துவிட்டு, தேடிப் பார்த்துக் கொடுக்கலாம் என்று மாதக்கணக்கில் சும்மா இருப்பவரின் கணக்கும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்: சாவி வரவில்லை, ஆகவே வீடு வரவில்லை.

தனியார் வாடகை வீட்டிலும் சங்கதி இதுதான். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. அந்த ஒரு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்ற தகராறு வந்தால், சாவி கைமாறிய நாளைத்தான் தேட வேண்டியிருக்கும். மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், கதவு, அலமாரிகளின் பூட்டையும் கைப்பிடியையும் மாற்றிப் போடுவது குடியிருப்பவரின் பொறுப்பு என்றே பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு பூட்டின் விலையைக் கொடுத்து முடிக்கக் கூடிய விஷயத்தை, அட்வான்ஸ் முழுவதையும் பணயம் வைக்கும் சண்டையாக வளர்ப்பது வீண்.

கைவசம் என்றால் என்ன?

கைவசம் என்ற விஷயம் எத்தனை கனமானது என்பதை நெய்வேலியின் மறுபக்கம் இன்னும் அழுத்தமாகச் சொல்லும். டவுன்ஷிப்காரர்கள் வீடு மாறுவது வேலை காரணமாக; சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் மாறுவது சுரங்கம் நகர்வதால். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நடந்ததை நாடே பார்த்தது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நட்டு வளர்ந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்ட நிலம் என்றது கம்பெனி. ஆண்டுதோறும் உழுது விதைத்தது நாங்கள்தானே என்றார்கள் விவசாயிகள். அந்த வாரமே பா.ம.க. நடத்திய போராட்டம் வன்முறையில் முடிந்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

பத்திரம் ஒருவர் பெயரில், கைவசம் இன்னொருவரிடம் என்று ஆண்டுக்கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வயல்களே சாட்சி. குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கிறவருக்குப் போக இன்னொரு வீடு இருக்கிறது. ஊரையே விட்டவர்களுக்கு, கையில் மிஞ்சும் சாவியைப் போட்டுத் திறக்கக் கதவே இருக்காது. 1948இல் ஊரைவிட்டு வெளியேறிய பாலஸ்தீனர்கள் பழைய வீட்டுச் சாவிகளைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது உலகம் அறிந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் வீடுகளை விட்டு ஓடியவர்களில் மயிலிட்டிக்காரர்களுக்கு ஊரின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது 2017இல்தான். அவர்களுடைய இழப்புக்கு முன்னால் நம் மாதக் கடைசிச் சாவித் தகராறு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததை ஒன்றும் இல்லாததாகவே முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் ஒரு மணி நேரம்

சரி, சாவி காணோம். லாரி நிற்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் தேட வேண்டிய இடங்களைத் தேடுங்கள். கதவின் உள்பக்கத் துவாரத்திலேயே சாவி நிற்கும். ஜன்னல் திண்டு, மீட்டர் பெட்டியின் மேல்புறம், கதவு நிலையின் மேல்சட்டம், கடைசியாகக் கழுவிய பாத்திரக் கூடை, வீட்டைப் பெருக்க உதவிய பக்கத்து வீட்டு அக்காவின் முந்தானை முடிச்சு, கடைசியாக மூட்டை கட்டியவரின் சட்டைப் பை. இத்தனையும் பார்த்த பிறகு மூட்டைகளுக்குப் போங்கள். ஏற்றிய சாமான்களில் சாவி இருந்தால் அநேகமாகக் கடைசியாகக் கட்டிய பையில்தான் இருக்கும்.

கிடைக்கவில்லையா? அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீடு ஒதுக்கிய அலுவலகத்துக்கோ, வீட்டுக்காரருக்கோ, எழுத்தில். "இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்துவிட்டேன், சாவி தொலைந்துவிட்டது, பூட்டு மாற்றும் செலவை ஏற்கிறேன், உடனே வந்து வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாலு வரி போதும். கடிதம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காலியான அறைகளையும் மின் மீட்டர் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பூட்டு. தொங்கு பூட்டு என்றால் பதற்றத்தில் கடப்பாரையை எடுத்து நாதாங்கியை நெம்பாதீர்கள். நாதாங்கி பிய்ந்தால் நிலைச் சட்டமும் சேர்ந்து பிளக்கும். ஆசாரி வர வேண்டும். நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஆயிரங்களில் போய் நிற்கும். ஹாக்சா பிளேடால் பூட்டின் வளையத்தை அறுப்பதுதான் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் போவது பூட்டு மட்டும்தான். கதவோடு பதித்த பூட்டு என்றால், சிலிண்டர் வகையில் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சிலிண்டரை மட்டும் கழற்றி வேறு போடலாம். எதைச் செய்தாலும் வீட்டின் உரிமையாளருக்குத் தெரிந்து, அவர் தரப்பு ஆள் ஒருவர் முன்னால் செய்யுங்கள். பிறர் வசமுள்ள வீட்டுக்குள் குற்ற நோக்கத்தோடு பூட்டைத் திறந்து நுழைவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு வீடு உடைத்தல் என்று சொல்கிறது; அனுமதி இல்லாமல் திறந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததாகும். உங்கள் பழைய வீடுதானே என்று, ஒப்படைத்த பிறகு கிடைத்த சாவியோடு போய்ப் பார்ப்பதும் வம்புதான்.

பூட்டுக்காரரின் அரம்

பஜாரில் சைக்கிள் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, ஒரு மேசை, ஒரு இடுக்கி, நூறு வெற்றுச் சாவிகள் தொங்கும் பலகை என்று உட்கார்ந்திருப்பாரே, அவர் வேலையை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மாதிரிச் சாவி இல்லாமலே சாவி போடுவது அவருடைய வித்தை. வெட்டில்லாத சாவியைச் சில பூட்டுகளுக்கு மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார். பூட்டுக்குள் விட்டு இறுக்கித் திருப்பி, வெளியே எடுத்து, கண்ணுக்கருகே பிடித்துப் பார்ப்பார். எங்கே கறுப்பு அழிந்து கீறல் விழுந்திருக்கிறதோ அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டுத் திருப்பு, மறுபடி பார், மறுபடி அரம். கீறல் விழாமல் சுற்றும்போது சாவி தயார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கணக்கில் இல்லை, அவர் விரலில் இருக்கிறது.

லீவர் பூட்டில் இது கூடுதல் பாடு. உள்ளே அடுக்காக இருக்கும் தகடுகளில் ஒவ்வொன்றையும் சாவியின் ஒவ்வொரு வெட்டும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பூட்டு அசையாது. இந்த வகைக்குப் பேர் போனது திண்டுக்கல். மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுப் பூட்டு வரை கைவேலையாகச் செய்து, ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி அறுத்துக் கொடுக்கும் ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரத்தில் செய்து மலிவாக வரும் அலிகார் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துவிட்டன. பழைய திண்டுக்கல் பூட்டு உங்களிடம் இருந்து சாவி தொலைந்தால், உடைக்காமல் பூட்டையே கழற்றி அனுபவமுள்ள பூட்டுக்காரரிடம் கொண்டுபோங்கள்.

எந்தப் பூட்டும் திறக்க முடியாதது கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1851இல் லண்டன் பெரும் கண்காட்சியின்போது, உலகிலேயே பாதுகாப்பானது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனிப் பூட்டை ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். ஆகவே தொலைந்த சாவி யார் கையில் இருக்குமோ என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பதைவிட, மறுநாள் காலை பூட்டை மாற்றிவிடுவது நல்லது.

புது வீட்டுக்காரருக்கு

சாவி தொலைத்தவரைவிட இதை அதிகம் கவனிக்க வேண்டியவர் அந்த வீட்டுக்கு அடுத்து வருகிறவர். உங்களுக்கு முன்னால் இருந்தவர் எத்தனை டூப்ளிகேட் போட்டார், வேலைக்காரம்மாவிடம் ஒன்று, ஊரிலிருக்கும் மைத்துனரிடம் ஒன்று என்று எத்தனை வெளியில் இருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. குடிபோகும் முதல் நாளே வாசல் பூட்டையும் பின்கதவுப் பூட்டையும் மாற்றுங்கள். சிலிண்டர் வகை என்றால் செலவும் குறைவு.

வீட்டுச் சாவியோடு சேர்ந்து தொலைவது பீரோ சாவியும் லாக்கர் சாவியும். பீரோவைப் பூட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். வங்கி லாக்கருக்கு வேறு முறை. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்து 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சாவி தொலைந்ததும் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பிற்பாடு கிடைத்தால் ஒப்படைப்பேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருக்கும். லாக்கரைத் திறப்பது, பூட்டை மாற்றுவது, புதுச் சாவி எல்லாச் செலவும் உங்கள் தலையில். வங்கி அனுப்பும் டெக்னீஷியன்தான் திறக்க வேண்டும். தெரிந்த பூட்டுக்காரரை அழைத்துப் போக முடியாது. ஊர் மாறிப் போகிறவர்கள் லாக்கர் சாவியைச் சாமான்களோடு அனுப்பாமல் கையோடு எடுத்துச் செல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஒப்படைப்பு ஒரு சடங்காகட்டும்

வீடு மாறும் நாளில் பால் காய்ச்ச ஒருவர், சாமான் எண்ண ஒருவர் என்று ஆள் வைக்கிறோம். சாவிக்கென்று ஒருவரை வையுங்கள். வேறு எந்த வேலையும் அவருக்கு வேண்டாம். சாவிக்கொத்தைச் சிவப்புக் கயிற்றில் கட்டி அவர் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிடுங்கள். எத்தனை சாவி, எந்தக் கதவுக்கு எது என்று ஒரு தாளில் எழுதி, ஒப்படைக்கும்போது வாங்குகிறவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் உங்கள் அட்வான்ஸுக்கும், ஓய்வூதியப் பலன்களுக்கும், வராமல் போகும் வழக்குக்கும் காப்பு.

வீடு ஒதுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போதும் பூட்டை மாற்றுவதை வழக்கமாக்குங்கள். சாவி வாங்கியதற்கு அதே இடத்தில், அதே நேரத்தில் ரசீது கொடுங்கள். வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகிறவர், ஒரு சீட்டுக்காக மறுபடி மறுபடி அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. சாவி தொலைந்தால் ஒரு பூட்டின் விலை போகும். தொலைந்ததை மறைத்தால், நாள் கடத்தினால், போவது அதைவிடப் பல மடங்கு.